மென்பொருள் என்னும் கூட்டுத் தொழில்

புளியங்கூடலிலும் அதனை அடுத்த தீவுக் கிராமங்களிலும் நம் பாட்டன்மார் வாழ்ந்த காலத்தில், வீடு வேய்தல் என்பது ஒரு வீட்டுக்காரனின் தனிக் காரியமாக இருந்ததில்லை. மாரி மழை தொடங்குமுன் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அயலவர் யாவரும் கூடிவிடுவர். மிதித்துத் தட்டையாக்கி அடுக்கிவைத்த பனையோலையைக் கீழே நிற்பவர் எடுத்துக் கொடுப்பார். இடையில் ஒருவர் வாங்கி மேலே நீட்டுவார். கூரைமேல் இருப்பவர் அதனை வரிசை பிசகாமற் பரப்புவார். கட்டுவதற்குரிய கயிற்றை அவர் உள்ளே விட, வீட்டினுள் நிற்பவர் அதனைப் பிடித்து மீண்டும் மேலே அனுப்புவார். மேலிருப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. உள்ளிருப்பவருக்கு மேலே நடப்பது தெரியாது. ஆயினும் பொழுது சாய்வதற்குள் கூரை முடிந்துவிடும். இறுதியில், உள்ளே நின்று அண்ணாந்து பார்த்து, வெளிச்சம் தெரிகின்ற இடங்களை ஒருவர் சுட்டிக்காட்டுவார். ஓட்டையைக் காட்டியவரோடு கூரைமேல் இருந்தவர் கோபித்துக்கொள்வதில்லை. மழை வந்தபின் தெரிவதிலும் இப்பொழுது தெரிவது நன்றென்பதை இருவரும் அறிவர்.

இன்று ஓலைக் கூரைகள் அருகிவிட்டன. ஓட்டுக் கூரையும் சீமெந்துத் தளமும் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எனினும் அந்தக் கூட்டுத் தொழிலின் முறை உலகைவிட்டு மறைந்துவிடவில்லை. நம் பிள்ளைகள் பலர் இன்று விரும்பிச் செல்லும் ஒரு புதிய தொழிலில் அது வேறு உருவத்தில் உயிர்வாழ்கின்றது. அத்தொழில்தான் கணினிக்கு மென்பொருள் ஆக்கும் தொழில்.

இதனைக் கேட்டுச் சில பெற்றோர் வியப்படையக்கூடும். "எங்கள் மகன் யாரோடும் பேசமாட்டான், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுவதும் கணினி முன் இருப்பான். ஆகவே கணினித் துறைதான் அவனுக்குப் பொருத்தம்" என்று சொல்வோர் உண்டு. இதைவிடத் தவறான அபிப்பிராயம் வேறில்லை. மனிதரோடு மனிதர் ஒத்திசைந்து வேலைசெய்ய வேண்டிய தொழில்கள் சிலவற்றை எண்ணினால், அவற்றுள் இதற்கும் ஓர் இடம் கொடுத்தே ஆகவேண்டும். அது எவ்வாறென்பதைச் சற்று ஆராய்வோம்.

தனியொருவர் சக்திக்கு அப்பால்

கணினி என்னும் இயந்திரம் தானாக எதனையும் அறியாது. இதனைச் செய், இது முடிந்தபின் அதனைச் செய், இப்படியானால் இவ்வாறு நட என்று ஒவ்வொன்றையும் நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வாறு எழுதப்படும் கட்டளைகளின் வரிசையே நிரல். பல நிரல்கள் சேர்ந்து ஒரு பயனைத் தருமாயின் அதனை மென்பொருள் என்கிறோம். கடைக் கணக்குப் பார்ப்பதற்குரிய ஒரு சிறு நிரலைக் கெட்டிக்கார மாணவன் ஒருவன் தனியே எழுதிவிடலாம். ஆனால் ஒரு வங்கியின் கணக்குகளையோ, ஒரு வைத்தியசாலையின் நோயாளர் விபரங்களையோ, ஓர் ஆகாய விமானத்தின் ஓட்டத்தையோ நிருவகிக்கும் மென்பொருளில் இலட்சக்கணக்கான வரிகள் உண்டு. அவை அனைத்தையும் ஒருவரே எழுதி, ஒருவரே நினைவில் வைத்துக்கொள்வது மனித சக்திக்கு இயலாத காரியம்.

இந்த உண்மையை உலகம் சிரமப்பட்டே உணர்ந்தது. 1960களில் கணினிகள் பெரிதாகப் பெரிதாக, அவற்றுக்கு எழுதப்பட்ட நிரல்கள் காலந்தாழ்த்தியும் பிழை மலிந்தும் வெளிவந்தன. 1968ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மேற்கு ஜேர்மனியிலுள்ள கார்மிஷ் நகரில் நிபுணர்கள் கூடி இந்த நெருக்கடியை ஆராய்ந்தனர். "மென்பொருள் பொறியியல்" என்ற பெயர் அந்த மகாநாட்டின் பின்னரே எங்கும் பரவியது. பாலங் கட்டுவோரைப்போல, நிரல் எழுதுவோரும் திட்டமிட்டு, வேலையைப் பங்கிட்டு, ஒருவர் வேலையை ஒருவர் சோதித்துச் செயலாற்ற வேண்டும் என்பதே அப்பெயரின் உட்பொருள்.

கடல் பொங்கிய காலத்தில்

இம்முறையின் பயனை அறிய நாம் அந்நிய தேசங்களுக்குப் போக வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே, மறக்க முடியாத ஒரு துயரத்தின் நடுவே, அதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தோன்றியது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை இலங்கைக் கரையைத் தாக்கியதை யாவரும் அறிவர். வடமராட்சி கிழக்கு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, அம்பாந்தோட்டை, காலி என ஊர் ஊராக அது அழித்துச் சென்றது. இந்நாட்டில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல இலட்சம் மக்கள் வீடிழந்தனர். பாடசாலைகளும் கோயில்களும் விகாரைகளும் அகதி முகாம்களாயின.

அந்த வேளையில் உணவும் உடையும் மருந்தும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியமாக மற்றொன்றும் இருந்தது. அதுதான் செய்தி. எந்த முகாமில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? எந்த இடத்துக்கு அரிசி போய்ச் சேர்ந்தது, எந்த இடத்துக்குப் போகவில்லை? உதவ வந்த நிறுவனங்கள் எவை, அவை எங்கே வேலை செய்கின்றன? இவற்றை எல்லாம்விட நெஞ்சை உருக்குவது, பிள்ளையைத் தேடும் தாயின் கேள்வி. அவளுடைய பிள்ளையின் பெயர் பத்து மைல் தொலைவிலுள்ள வேறொரு முகாமின் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தக் காகிதம் அவளுடைய கைக்கு எட்டாது. அவள் தேடுவதும், பிள்ளை அழுவதும் வெவ்வேறு பட்டியல்களில் நிகழும் இரு தனித்தனிச் சம்பவங்களாகவே நின்றுவிடும். அவ்விரு பட்டியல்களையும் ஒன்றாக்குவதே செய்யவேண்டிய காரியம்.

நாட்டின் கணினித் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் பலர் இந்தத் தேவையை உணர்ந்து, சில நாட்களுக்குள் ஒன்றுகூடினர். வெவ்வேறு நிறுவனங்களில் உத்தியோகம் பார்த்தவர்கள், சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடுபவர்கள், அந்த வேற்றுமைகளை ஒதுக்கிவைத்து ஒரே மேசையில் அமர்ந்தனர். 2003ஆம் ஆண்டில் தோன்றிய லங்கா சொவ்ட்வெயார் பவுண்டேசன் இம்முயற்சிக்கு இல்லமாயிற்று. அதன் நிறுவனராகிய சஞ்சீவ வீரவரண, பின்னர் இத்திட்டத்துக்குத் தலைமை தாங்கிய சமிந்திர டி சில்வா ஆகியோரின் பெயர்கள் இதனோடு இணைந்தவை. அவர்கள் ஆக்கிய மென்பொருளுக்குச் "சஹனா" என்று பெயர் சூட்டினர். சிங்களத்தில் அதற்கு ஆறுதல், நிவாரணம் என்று பொருள். அனர்த்த நிவாரணத்தை ஒருங்கிணைப்பதற்காக அரசாங்கம் கொழும்பில் அவசரமாக நிறுவிய தேசிய செயற்பாட்டு நிலையத்தில் அது பயன்படலாயிற்று.

பங்கிடுவது எங்ஙனம்?

இத்தகைய வேலையைப் பலர் எவ்வாறு ஒரே சமயத்தில் செய்ய முடிந்தது? பங்கிட்டமையால். காணாமற்போனோர் பதிவு ஒரு பகுதி. முகாம்களின் பதிவு மற்றொரு பகுதி. உதவும் நிறுவனங்களின் பதிவு இன்னொரு பகுதி. இங்கே இது வேண்டும், அங்கே அது மிகுதியாக உண்டு என்று தேவையையும் உதவியையும் பொருத்தும் பகுதி வேறொன்று. ஒவ்வொரு பகுதியையும் ஒரு சிலர் பொறுப்பேற்கலாம்.

ஆனால் பங்கிடுவது பாதி வேலை மட்டுமே. பகுதிகள் ஒன்றோடொன்று சேருமிடத்தில்தான் ஆபத்து இருக்கின்றது. உதாரணமாக, முகாம்களைப் பதிவுசெய்வோர் ஒரு முகாமை எண்ணால் குறிக்க, காணாமற்போனோரைப் பதிவுசெய்வோர் அதே முகாமை ஊர்ப்பெயரால் குறித்தால், இரண்டு பதிவுகளும் தனித்தனியே சரியானவையாக இருந்தும் சேர்ந்தபின் பயனற்றவையாகும். கந்தசாமி என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஈற்றில் 'ஐ' இட்டு எழுதுவார்; மற்றொருவர் 'ஒய்' இட்டு எழுதுவார். மனிதக் கண்ணுக்கு அது ஒரே கந்தசாமி. கணினிக்கோ இருவேறு ஆட்கள். இவற்றை எவ்வாறு எழுதுவது, எவ்வாறு ஒப்பிடுவது என்று முன்கூட்டியே யாவரும் ஓர் உடன்பாட்டுக்கு வரவேண்டும். கூரைமேல் இருப்பவரும் உள்ளே நிற்பவரும் எந்த இடத்தில் கயிற்றை விடுவது, எங்கே வாங்குவது என்று தெரிந்து வைத்திருப்பதைப் போன்றது இது.

இந்த உடன்பாடு இல்லாதவிடத்து மிகப் பெரிய நிபுணர்களும் தோற்றுப்போவர். 1999ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் திகதி, செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றிவந்து ஆராய்வதற்காக அமெரிக்காவின் நாசா நிறுவனம் அனுப்பிய விண்கலம் ஒன்று கிரகத்தை மிகவும் நெருங்கிச் சென்று அழிந்துபோயிற்று. காரணம் யாது? உந்துவிசையின் கணக்கை ஒரு குழுவினர் ஆங்கில இறாத்தல் அளவில் கொடுத்தனர். அதனைப் பெற்ற மற்றைக் குழுவினர் மெட்ரிக் அளவென்று எண்ணிப் பயன்படுத்தினர். எல்லாரும் கற்றறிந்தவர்கள். ஆனால் இரு குழுக்களின் நடுவே கைமாறிய எண்ணுக்கு இருவரும் ஒரே பொருள் கொள்கிறார்களா என்று பார்ப்பாரில்லை. பல மாதப் பயணம் அந்த ஒரு கவனக்குறைவில் முடிந்தது.

ஆள் பெருகினால் வேலை பெருகுமா?

பத்துப் பேர் ஒரு மாதத்தில் செய்யும் வேலையை இருபது பேர் அரை மாதத்தில் செய்வார்கள் என்று கணக்குப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். வேலி அடைப்பதற்கு அது ஓரளவு பொருந்தும். மென்பொருளுக்குப் பொருந்தாது. ஐ. பி. எம். நிறுவனத்தில் ஒரு பெரிய மென்பொருள் வேலைக்குப் பொறுப்பாயிருந்த பிரெடரிக் புரூக்ஸ் என்பவர் இதனைத் தம் அனுபவத்திற் கண்டார். காலந்தாழ்ந்துவிட்ட மென்பொருள் வேலைக்குப் புதிதாக ஆட்களைச் சேர்த்தால், அது மேலும் தாமதமாகும் என்று 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார்.

இதற்குக் காரணம் எளிது. புதிதாக வந்தவருக்கு வேலையை விளக்கப் பழையவர் தம் வேலையை நிறுத்த வேண்டும். அதுமட்டுமன்றி, ஒருவரோடொருவர் பேசித் தெளியவேண்டிய சோடிகளின் தொகையும் வேகமாக ஏறுகின்றது. மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 4 பேர் இருந்தால் 6 சோடிகள். 10 பேர் இருந்தால் 45 சோடிகள். 50 பேர் இருந்தாலோ 1,225 சோடிகள். ஆகவேதான் அனுபவமுள்ளோர் பெருங்கூட்டத்தைச் சிறுசிறு குழுக்களாக வகுத்து, குழுக்களின் நடுவே தெளிவான உடன்பாடுகளை எழுதிவைக்கின்றனர். எல்லாரும் எல்லாருடனும் எப்பொழுதும் பேசிக்கொண்டிருப்பது கூட்டு முயற்சியாகாது. யாரிடம் எதனைக் கேட்க வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருப்பதே கூட்டு முயற்சி.

பிறர் கண்ணால் நம் பிழை

ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் வாசித்து ஒப்புக்கொண்ட பின்னரே அது பொது வேலையில் சேர்க்கப்பட வேண்டும் என்பது இத்தொழிலில் நல்ல குழுக்கள் கைக்கொள்ளும் வழக்கம். எழுதியவருக்குத் தம் பிழை தோன்றாது. தாம் எண்ணியதையே எழுதியதாக அவர் மனம் காட்டும். புதிதாகப் பார்ப்பவருக்கோ எழுதியிருப்பது மட்டும் தெரியும். உள்ளே நின்று கூரையின் வெளிச்சத்தைக் காட்டியவரின் பணி இதுவேயன்றோ?

இவ்வழக்கம் எத்துணை தூரம் செல்லக்கூடும் என்பதற்கு லினக்ஸ் ஓர் உதாரணம். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் தொடங்கிய ஒரு மென்பொருளை உலகத்தார் யாவரும் பார்க்கவும் திருத்தவும் திறந்துவிட்டார். ஒருவரையொருவர் நேரிற் கண்டிராத ஆயிரக்கணக்கானோர் அதனை வளர்த்தனர். இன்று கைத்தொலைபேசிகள் பலவற்றினுள்ளும் அது இருக்கின்றது. இத்தனை பேர் கைவைத்தும் குழப்பம் நேராதது எப்படி? யார், எப்பொழுது, எந்த வரியை, என்ன காரணத்துக்காக மாற்றினார் என்று ஒவ்வொரு மாற்றமும் பதியப்படுகின்றது. அந்தப் பதிவுக்காகவே "கிட்" என்னும் கருவியை அவரே 2005ஆம் ஆண்டில் ஆக்கினார். பிழை நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அதனால் புதியவரும் அச்சமின்றி முயன்று பார்க்கலாம். குடும்பங்களிலும் சங்கங்களிலும், "யார் இதை மாற்றியது?" என்று எழும் சச்சரவுகளை எண்ணிப் பார்ப்போர் இத்தகைய பதிவின் அருமையை உணர்வர்.

விட்டுச் செல்லும் பக்குவம்

சஹனாவின் கதைக்கு மீள்வோம். அவசரத்தில் ஆக்கிய மென்பொருள் அந்த அவசரத்துக்கு உதவியது. ஆயினும் அவசரத்தின் தழும்புகள் அதில் இல்லாமலில்லை. வேறொரு நாட்டார் எடுத்துப் பயன்படுத்த வேண்டுமாயின் அதனைத் திருத்தமாக மீண்டும் எழுத வேண்டியிருந்தது. 2005ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உதவியுடன் அப்பணி நடந்தது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளவும், தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் உரிமை வழங்கப்பட்டது.

அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி காஷ்மீர்ப் பகுதியில் நிலம் நடுங்கியபொழுது பாகிஸ்தானில் சஹனா பயன்பட்டது. 2006ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டின் மண்சரிவின்போதும், இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பூகம்பத்தின்போதும் அது உதவியது. 2010ஆம் ஆண்டில் ஹெயிட்டி நாட்டின் பூகம்பத்தின்போதும் அதன் புதிய வடிவம் வேலைக்கு வந்தது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனாவுக்கு வழங்கியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது விருதையன்று. முதன்முதலில் எழுதிய தொண்டர்களிற் பலர் தத்தம் உத்தியோகங்களுக்குத் திரும்பிய பின்னரும் வேலை நின்றுவிடவில்லை. தாம் இல்லாதபோதும் பிறர் விளங்கிக்கொள்ளுமாறு எழுதிவைப்பதும், விளக்கங்களைச் சேர்த்துவைப்பதும் இத்தொழிலின் அறம். "நான் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது" என்று பெருமை பேசுபவர் கெட்டிக்காரராக இருக்கலாம். நல்ல கூட்டாளியாக இருக்க முடியாது. அனர்த்த வேளையில் அவருக்குக் காய்ச்சல் வந்தால் பட்டியலில் பிள்ளையைத் தேடும் தாயின் கதி என்னாகும்?

மாணவருக்கும் பெற்றோருக்கும்

ஆகவே, மென்பொருள் துறையை நாடும் மாணவர்கள் கணிதத்தையும் கணினி மொழிகளையும் கற்றால் போதுமென்று இருந்துவிடலாகாது. தாம் செய்ததை நாலு வரியில் தெளிவாக எழுதப் பழகவேண்டும். தெரியாததைத் தெரியாது என்று கேட்கப் பழகவேண்டும். தம் வேலையில் பிழை காட்டுவோரைப் பகைவராகக் கருதாதிருக்கவும், பிறர் பிழையைக் காட்டும்பொழுது ஆளைத் தாக்காமல் பிழையைமட்டும் காட்டவும் பயிலவேண்டும். வாக்குக் கொடுத்த நாளில் முடியாதெனத் தோன்றினால், அந்த நாள் வருமுன்னரே சொல்லிவிட வேண்டும். இவற்றைக் கற்பிக்க எந்தக் கணினியும் வேண்டியதில்லை. பாடசாலையின் விளையாட்டுப் போட்டிக்கும் நாடகத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பொறுப்பேற்று உழைக்கும் பிள்ளைகள் இவற்றைத் தாமாகவே கற்றுவிடுகிறார்கள். பரீட்சை நெருங்குகிறதென்று அவற்றிலிருந்து பிள்ளைகளை அறவே விலக்கிவைக்கும் பெற்றோர் சிந்திக்க வேண்டிய இடம் இது.

வாய்ப்பும் தொலைவில் இல்லை. யாரும் பங்குகொள்ளத்தக்க திறந்த மென்பொருள்கள் பல உண்டு. அவற்றின் திரையில் தோன்றும் சொற்களைத் தமிழாக்குவது, விளக்கக் குறிப்பு எழுதுவது, பிழை கண்டவிடத்து அறிவிப்பது ஆகியவற்றில் ஒரு மாணவன் அல்லது மாணவி தொடங்கலாம். தீவகத்திலிருந்து எழுதுபவரும் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கும் உறவினரும் ஒரே வேலையில் கூடுவதற்கு இன்று கடல் தடையன்று.

இதே தீவில், கரம்பொன் ஊரில் 1913ஆம் ஆண்டில் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். பல தேசங்களில் தனித்தனியே தமிழாராய்ந்த அறிஞர்களை ஒன்றுசேர்க்கும் முயற்சியில் முன்னின்று, 1964ஆம் ஆண்டில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் முதல் மகாநாடு கூடவும் உழைத்தார். தாமே பெரும் புலமை படைத்திருந்தும், பிறரோடு கூடினாலன்றி அப்புலமை நிறைவு பெறாதென்று அவர் கருதினார். துறை வேறு, உண்மை ஒன்றே.

திறமை தனியொருவரிடம் பிறக்கலாம். ஆனால் பிறர் நம்பித் தங்கக்கூடிய கூரை ஒன்று வேண்டுமாயின், ஓலை எடுத்துக் கொடுப்பவரும், வரிசையாகப் பரப்புபவரும், உள்ளே நின்று கயிறு வாங்குபவரும், ஒளி தெரியும் ஓட்டையைக் கூச்சமின்றிச் சொல்பவரும் வேண்டும். நம் முன்னோர் மாரிக்கு முன்னே ஒரு பகற்பொழுதில் செய்துகாட்டிய அந்தப் பாடத்தை, நம் பிள்ளைகள் கணினியின் முன் அமரும்பொழுதும் மறவாதிருப்பார்களாக.